குமரேசன் அண்ணனுக்கு இரண்டு அம்பு

நவம்பர் 10, திங்கள்

விடியலிலிருந்து மழை. திகாம் பத்துச் சந்தியில் ஃபேக்டரி பஸ் தாமதம். சட்டையெல்லாம் ஈரம், புத்தகம் மட்டும் பிளாஸ்டிக் பையில் பத்திரம். வியாழன் கூடுதல் கணிதத் தாள், ஆட் மேக்ஸ். பள்ளியில் கோட்டைவிட்டது, இருபத்தாறு வயதில் மறுபடியும். தேறினால் டிப்ளோமா. இல்லையென்றால் இதே கையுறை ஃபேக்டரி லைன்தான்.

மாதிரித் தாளில் முதல் கேள்வியே தப்பு. எந்தத் தொடர்பு சார்பு, அதாவது ஃபங்ஷன், எது இல்லை? இடது பக்கத்து இரண்டு எண்களிலிருந்து வலது பக்கத்து ஒரே எண்ணுக்கு அம்பு. சார்பு இல்லை என்று எழுதினேன். சார்புதானாம். எரிச்சல்.

வாங்க: 2B பென்சில், சவர்க்காரம்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை விட்டபாடில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஃபரீதாவிடம் கேட்டேன். ஒரே லைன், அவளும் என்னோடு பரீட்சை எழுதுகிறாள். தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், மென்றுகொண்டே சொன்னாள்:

"நம்ம லைன் பூரா ஒரே சூப்பர்வைசர்கிட்டதானே போறோம்? அதுல என்னாடி தப்பு? ஒருத்தி ரெண்டு சூப்பர்வைசர்கிட்ட மாட்டுனாதான்லா பைத்தியம் புடிக்கும்."

"அப்போ எந்தப் பக்கத்தப் பாக்கணும்?"

"கெளம்புற பக்கத்த. ஒருத்தருக்கு ஒரு அம்புதான்."

தலையாட்டினேன். பஸ்ஸில் மறுபடி குழம்பியது. விடமாட்டேன்.

நவம்பர் 12, புதன்

வீட்டில் வேறு கூத்து. பண்டார் பாருவிலிருந்து குமரேசன் அண்ணன் வீட்டார் சனிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். என்னை! சிறு வயதிலிருந்து அண்ணன் என்று கூப்பிட்ட மனிதர்.

"அண்ணனப் போயி எப்படிம்மா?"

"அது ஒங்கப்பா வழியில, தூரத்துச் சொந்தம். என் வழியில மாமன் முறை, கட்டிக்கலாம். மேல படிக்கிறதெல்லாம் அவங்க வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க, இப்பவே சொல்லிட்டேன்."

அழுகை வந்தது. அறைக்குப் போய்க் கோபத்தில் படம் போட்டேன். இடது பக்கம் சொந்தக்காரர்கள், வலது பக்கம் கூப்பிடும் முறை. ராஜி, மீனா இருவருக்கும் அம்பு 'அக்கா'வுக்கே. தொல்லை இல்லை. குமரேசன்: ஒரு அம்பு 'அண்ணன்', இன்னொன்று 'மாமா'. ஒரு ஆளுக்கு இரண்டு பதில். இது சார்பு இல்லை.

அடேயப்பா, இதுதானா!

வரைபடக் கேள்விகளையும் எடுத்தேன். அடிக்கோலை நிமிர்த்தி வைத்து நகர்த்தினேன். வளைகோடு அதை இரண்டு இடத்தில் தொட்டால் அங்கே ஒரு குமரேசன், சார்பு இல்லை. எல்லாம் சரி.

நவம்பர் 13, வியாழன்

தாள் முடிந்தது. அம்புப் படம் வந்தது. சார்பு இல்லை என்று காரணத்தோடு எழுதினேன். வெளியே ஃபரீதா கட்டிப்பிடித்துக் கத்தினாள். பாஸாகிவிடுவேன். டிப்ளோமாவுக்கும் போகத்தான் போகிறேன்.

நவம்பர் 15, சனி

வெயில். கேசரி, வடை, அம்மாவின் பச்சைச் சேலை எனக்கு. கூடம் நிறைய ஆட்கள். அடுப்படியில் அம்மா காதைக் கடித்தாள்: "மாமான்னு கூப்புட்டு தேத்தண்ணி குடு. எல்லாரும் கேக்குற மாதிரி."

எல்லாரும் கேட்கிற மாதிரிதான் கூப்பிட்டேன்.

"தேத்தண்ணி எடுத்துக்குங்க, அண்ணே."

குமரேசன் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"சரி, தங்கச்சி."