அண்ணாவின் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் கால்வீக்கம் வற்றியதா? காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு நீங்கள் எல்லோரும் இருக்கும் கிளிநொச்சிப் போராட்டக் கொட்டகைக்கு வெயிலில் நடக்காமல் ஓட்டோவில் போங்கோ.

நான் கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருக்கும் இந்த அமெரிக்க நவஹோ பழங்குடியினரின் பள்ளிக்கூடத்தில், தன்னை அறிமுகம் செய்பவர் தாய்வழியைத்தான் முதலில் சொல்வார். நானும் உங்களில் தொடங்கி, காணாமல்போன அண்ணாவின் பெயர்வரை சொன்னேன்.

முன்வாங்கில் இருந்த கைலா கேட்டாள்: "அவர் செத்துவிட்டாரா, ரீச்சர்? செத்தவர்களின் பெயரை எங்கள் வீட்டில் சொல்லமாட்டோம்."

"இல்லை" என்று சிரித்தபடி பெயரை மறுபடியும் சொன்னேன். நல்ல பிள்ளைகள், கவலைப்படாதீங்கோ.

ஆனால் அன்றிலிருந்து அந்தப் பெயர் என் வாயில் வருவதில்லை. விளக்கேற்றி அவருக்காகக் கும்பிடும்போதும் உதடு நின்றுவிடுகிறது. "நாங்கள் சொல்லாமல் விட்டால் அவன் இல்லையெண்டு ஆகிடும், பிள்ளை" என்பீர்களே.

மிளகாய்த்தூள் அனுப்பும்போது ஊறுகாயும் கொஞ்சம் வையுங்கோ. பள்ளிக்கூட பஸ் வந்துவிட்டது, நிறுத்துகிறேன். ஞாயிற்றுக்கிழமை நான் போன் எடுத்ததும் முதலில் அண்ணாவின் பெயரைச் சொல்லுங்கோ, அம்மா. கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லுங்கோ.

உங்கள் மகள்,
லக்சிகா