இடுப்பளவு

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. கடல் காற்றில் உடம்பைப் பார்த்துக்கொண்டு நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் சுகம் என்று எழுதிய தாளை இப்போதுதான் கிழித்துப் போட்டேன், கை பழக்கதோஷம். கப்பல் கம்பெனி ஆபீஸ் மூலம் செய்தி வந்திருக்கும், பதறாதே, உன் மகள் பிழைத்துவிட்டாள். மீதியை நிதானமாகப் படி, என்னால்தான் நிதானமாக எழுத முடியவில்லை.

வாண்டுக்குச் சர்க்கரை நோயாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு! வேறு யாருடைய சீட்டையோ பார்க்கிறார்கள் என்று நினைத்து, எங்க பிள்ளை பேரைச் சரியாப் பாருங்கம்மா என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள், சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டோம். மத்தியானம் மூச்சு வாங்க ஆரம்பித்து, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடந்தாள். உன் பெண்டாட்டி அவளைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள், பின்னால் நான். ஆஸ்பத்திரியில் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை மெஷினில் வைத்தார்கள், எண்ணே வரவில்லை, அது காட்டும் அளவையே தாண்டிவிட்டதாம். நர்ஸின் முகம் மாறியதைப் பார்த்தேன். மறுபடி நரம்பில் இரத்தம் எடுத்து, சிறுநீரையும் சோதித்து, சந்தேகமே இல்லை என்றார்கள். இது நாள்பட்ட நோய் என்றார் டாக்டரம்மா. நாங்கள் கவனிக்காமல் நாள்பட விட்டுவிட்டோம் என்று குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு, போன வாரம் வரைக்கும் ஓடியாடிட்டு இருந்த பிள்ளைக்கு எங்கேருந்து நாள்பட்டது என்று சத்தம் போட்டேன். அவர் பொறுமையாக, குத்தம் சொல்லலைய்யா, இனிமே ஆயுசுக்கும் கூடவே இருக்கும்னு அர்த்தம் என்றார். அதற்குக் குத்திக்காட்டியிருந்தாலே தேவலை.

அப்புறம் கேள்வி மேல் கேள்வி. தண்ணீர் அதிகம் குடிப்பாளா? சமத்துப் பிள்ளை தண்ணி நல்லாக் குடிக்கிறா என்று உன் அம்மா பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை பேசியிருக்கிறாள். படுக்கையை நனைப்பாளா? அதற்கு நானே திட்டியிருக்கிறேன். எப்போதிலிருந்து மெலிந்தாள் என்றதும் நான் எழுந்து நம் தையல் கடைக்கு ஓடி அளவு நோட்டை எடுத்து வந்தேன். பள்ளிச் சீருடைப் பாவாடை தைத்தபோது இடுப்பு இருபத்தொன்று. மூன்று வாரத்தில் இடுப்பில் நிற்கவில்லை என்று பிடித்துத் தைத்துக் கொடுத்தேன், இருபது. மறுபடி நழுவுது தாத்தா என்று வந்தாள், பத்தொன்பது. முப்பத்தெட்டு வருஷமாக ஊரார் உடம்பை அளக்கிறவன், டேப் சொன்னதை நம்பாமல் எனக்குத்தான் பார்வை மங்கிவிட்டது என்று புதுக் கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டேனடா! பிள்ளை கரைகிறாள், நான் துணியைப் பிடித்துத் தைத்திருக்கிறேன். டாக்டரம்மா அந்தத் தேதிகளைக் குறித்துக்கொண்டு, இவ்வளவு சரியா யாரும் சொன்னதில்லைய்யா என்றார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

இப்போது எழுந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள், வாயும் திரும்பி வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நாலு இன்சுலின் ஊசி. தையல்காரர்தானே, நீங்க போடுங்க என்று நர்ஸ் என்னிடம் கொடுத்தாள், கீழே போட்டுவிட்டேன். உன் பெண்டாட்டிதான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே நாளில் கற்றுக்கொண்டாள், அவளை நீ கையெடுத்துக் கும்பிட வேண்டும். வாண்டோ ஊசியை வாங்கிப் பார்த்து, நூல் கோக்கலையே, என்னைத் தைக்க மாட்டீங்கல்ல என்று கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

இன்னும் எத்தனை ஊசி தாத்தா, இருபதா என்றும் கேட்டாள். அவளுக்கு எண்ணத் தெரிந்தது அவ்வளவுதான். பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாது, வீட்டில் ஒருவர் பக்குவமாகச் சொல்லியாக வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. உன் பெண்டாட்டி துணி மடிக்கத் திரும்பிக்கொண்டாள், உன் அம்மா வராந்தாவுக்குப் போய்விட்டாள். உங்கப்பா சொல்லுவாரு என்று சொல்லி நான் தப்பித்துக்கொண்டேன், என்னைத் திட்டாதே.

எந்தக் கடலில் இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வராது, மனதைத் தளரவிடாதே, வேளைக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே, கரையில் கால் வைத்ததும் முதலில் அவளோடு பேசு, என்ன சொல்வது என்று யோசித்து வைத்துக்கொண்டு பேசு. கைவிரல் பத்தும் முடிந்து கால்விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறாள். இன்று காலை பதினேழாவது.

என்றும் உன் நலம் நாடும்
அப்பா