பெயரில்லாத பொத்தான்

இன்று மத்தியானம் என் கணினியில் ஒரு வரிச் செய்தி வந்தது. "கன்ஃபர்ம் பட்டனுக்குப் பேர் போட்டாச்சு." அனுப்பியவருக்கு உன்னைத் தெரியாது, நீ போன பிறகு வேலைக்குச் சேர்ந்தவர். சோற்றுப் பார்சலைப் பிரிக்காமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் இப்போது செய்யும் வேலையைக் கேட்டால் நீ சிரிப்பாய். இணையத்தளங்களைத் தானாகத் திறந்து, படிவம் நிரப்பி, பொத்தான் அழுத்தும் கருவி ஒன்றை நம் அலுவலகம் செய்திருக்கிறது. அதைப் பயன்படுத்தப் போவது மனிதர்கள் அல்ல, செயற்கை நுண்ணறிவு ஏஜென்டுகள். அவற்றுக்கு விளங்கும்படி வழிகாட்டி எழுதுவது என் பொறுப்பு. எந்தக் கட்டளை எதற்கு, எப்போது அதைத் தொடக்கூடாது, பிழை வந்தால் என்ன செய்வது. எழுதிக் கொடுப்பேன், ஏஜென்ட் பிழையாக விளங்கிக்கொள்ளும், திரும்ப எழுதுவேன். சில நாட்களில் என் தமிழே எனக்கு மறந்துவிடும் போலிருக்கிறது.

அந்த ஏஜென்டுக்குப் பக்கத்தின் படத்தை நாங்கள் கொடுப்பதில்லை. ஒரு பட்டியல்தான் போகும். எழுதும் பெட்டி, அதன் பெயர் 'அடையாள அட்டை இலக்கம்'. பொத்தான், அதன் பெயர் 'அடுத்தது'. முதன்முதல் அந்தப் பட்டியலைப் பார்த்த அன்று என் விரல்கள் நின்றுவிட்டன. உன் காதில் ஓடிக்கொண்டிருந்தது இதேதான்.

பிறவியிலேயே பார்வை இல்லாத நீ, கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வருவாய். நாங்கள் செய்யும் தளங்களை, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானால் கேட்டுக் கேட்டுச் சோதிப்பது உன் வேலை. ஒருமுறை இயர்ஃபோனை என் காதில் வைத்தாய். ஒரு சொல்லும் பிடிபடவில்லை, அவ்வளவு வேகம். "மெதுவாக்கினா எனக்கு நித்திரை வந்திரும்டி" என்றாய். பிறகு ஒரு ஆஸ்பத்திரிக்காக நாங்கள் செய்துகொண்டிருந்த பதிவுத் தளத்தைத் திறந்து காட்டினாய். கடைசிப் பக்கத்தில் அந்தக் குரல் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொன்னது. மூன்றும் வெறும் படங்கள். எது உறுதி செய்வது, எது அழிப்பது என்று சொல்ல ஒரு பெயரும் இல்லை.

நீ றிப்போர்ட் எழுதிக் கொடுத்தாய். எங்கள் குழுத்தலைவர் வாசித்துவிட்டு, "எத்தின பேர் இப்பிடிப் பாவிக்கப் போறாங்க? பிறகு பாப்பம்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அன்று வேறு அவசரம். அதற்குப் பிறகும் நீ இரண்டு தடவை கேட்டாய்.

தளம் வெளியாகிச் சில மாதம் இருக்கும். எல்லோரும் தேநீருக்கு இறங்கிப் போன நேரம் உன் மடிகணினியுடன் என் மேசைக்கு வந்தாய்.

"ஒரு பட்டன் அமத்தித் தா."

அதே தளம், அதே கடைசிப் பக்கம். உன் பெயர், வயது, அதற்குக் கீழே காரணம் என்ற பெட்டியில் 'மார்பில் கட்டி'. பார்க்காமல் இருக்க நினைப்பதற்குள் கண் வாசித்துவிட்டது. சரியான பொத்தானை அழுத்தினேன்.

"வாசிச்சிட்டாய்தானே?"

"ஓம்."

"அம்மாக்கே இன்னும் சொல்லேல்ல. அவவுக்குத்தான் முதல்ல சொல்லோணும் எண்டு இருந்தனான்." மடிகணினியை மூடினாய். "அந்தப் பட்டனுக்கு ஒரு பேர் இருந்திருந்தா உனக்கு இது தெரிஞ்சிருக்காது."

பஸ் பிந்திவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாய். உன் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். பிடிக்கவில்லை. அதற்குள் மற்றவர்கள் மேலே வந்துவிட்டார்கள். பிறகு பொரளைக்கு எத்தனை தடவை வந்தேன், ஆஸ்பத்திரிக்கு. கடைசியாக மயானத்துக்கு.

இன்று காலை, புதுக் கருவியை அந்த ஆஸ்பத்திரிக்காரருக்கே காட்டிக்கொண்டிருந்தோம். ஏஜென்ட் பெயர், திகதி எல்லாம் சரியாக நிரப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தது. பெயரில்லாத மூன்று பொத்தான்களில் ஒன்றை ஊகித்து அழுத்தியது. பதிவு முழுவதும் அழிந்துபோனது. தலைவர் முகம் சிவந்து, "இண்டைக்கே பேர் போடுங்கோ" என்றார். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. மூன்று பொத்தானுக்கு மூன்று சொல்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை, களைப்புத்தான் வந்தது. உன் பழைய றிப்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

"அவள் அப்பவே சொன்னவள்."

நின்றபடியே வாசித்தார். "மறந்திட்டன்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதில இருக்கிறத அப்பிடியே வழிகாட்டியில போடுங்கோ."

போட்டேன். 'அழுத்தினால் என்ன நடக்கும் என்பதைப் பொத்தானின் பெயர் சொல்லவேண்டும். பெயர் இல்லாவிட்டால் ஊகிக்கக்கூடாது, நின்று கேட்கவேண்டும்.' உன் வசனங்கள்தான். இனி எத்தனையோ ஏஜென்டுகள் அதை வாசிக்கும். எழுதியது யார் என்று போட அந்தப் பக்கத்தில் இடமில்லை.

வேலை முடிந்ததும் கொட்டாஞ்சேனைக்குப் போய் உன் அம்மாவிடம் சொன்னேன். ஏஜென்ட், கருவி எல்லாம் அவவுக்கு விளங்கவில்லை. நீ எழுதியது பயன்பட்டிருக்கிறது என்பது மட்டும் விளங்கியது. அழுதா. தேநீர் ஊற்றித் தந்தா. கதைத்துக்கொண்டிருந்தவ திடீரென்று, "அவள் என்னட்ட ஒண்டும் ஒளிச்சதில்ல மகள். கட்டி எண்டும் முதல் முதல் எனக்குத்தான் சொன்னவள்" என்றா.

"ஓம் அன்ரி" என்றேன். "உங்களுக்குத்தான் முதல்ல சொன்னது எண்டு எனக்கும் சொன்னவள்."

திரும்பும் பஸ்ஸில் யன்னலோரம் இடம் கிடைத்தது. அவவுக்கு முன்பே எனக்குத் தெரியும் என்பது, நீ என்னிடம் விட்டுப்போனது இந்த ஒன்றுதான். உன் அம்மா இருக்கும்வரை நான் இதை யாருக்கும் கொடுக்கமாட்டேன்.