திருப்தி அடைந்த மனுதாரர்

மார்ச் 4

அன்புள்ள ஒல்லிக்குச்சிக்கு,

நலம். ஒரு கடிதத்துக்குப் பதில் போட உனக்கு இரண்டு மாதம். நாடாளுமன்றமே உன் தலையில்தான் ஓடுகிறது போலிருக்கிறது.

உங்கள் கணக்குக் குழுக்காரர்கள் நேற்று எங்கள் பேட்டரி ஆலைக்கு வந்தார்கள். அரசாங்கம் இந்த முதலாளியிடம் கொட்டிய பணம் என்ன ஆனது என்று பார்க்கத்தான். மெஷின் ஓடி மூன்று மாதம் ஆகிறது. மேலாளர் உத்தரவுப்படி வெறும் அட்டைப்பெட்டிகளை ஒட்டிக் கூரை வரை அடுக்கி வைத்தோம். ஓர் உறுப்பினர் என்னிடம், "லோடு எப்பம்மா கிளம்புது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மேலாளர், "நாளைக்கே சார்!" என்றார்.

ஒரே ஒரு பெட்டியைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். யாரும் தூக்கவில்லை. அங்கே சிரிப்பு வந்தது, வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்தது. உன் பெரியவர்களிடம் சொல்லேன்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் வெறும் எழுத்தர். கூட்டத்தில் நான் வாயைத் திறந்தால் வேலை போய்விடும். ஆனால் கையெழுத்துப் போட்ட மனு வந்தால் குழு எடுத்தே ஆக வேண்டும். நீ எழுது. பெயர், பிரிவு எல்லாம் தெளிவாகப் போடு. மொட்டைக் கடிதம் குப்பைக்குத்தான் போகும். பயப்படாதே, நான் இருக்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 22

தம்பிக்கு,

நேற்று என்னை வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள். மேலாளர் மேஜையில் என் மனுவின் நகல். "நிறுவனத்தின் விளக்கத்துக்காக" என்று முத்திரை, பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம். அதைத் தட்டிக் காட்டி, "உள்ள உனக்கு ஆள் இருக்கா?" என்றார். இல்லை என்றேன்.

உன் கிறுக்கல் எனக்குத் தெரியாதா?

அத்தான் உன் பேரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வராமலே நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. மனுக்கள் கட்டுக்கட்டாக வரும். நகலெடுத்து, முத்திரை குத்தி, சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அனுப்புவதுதான் என் வேலை. படித்துப் பார்ப்பதில்லை. உன்னை எழுதச் சொன்னவனுக்கே அது நினைவில்லாமல் போனது. பாவி நான்.

அந்தப் பெட்டிகள் "மாதிரிக்காக" அடுக்கப்பட்டவை என்று நிறுவனம் விளக்கம் கொடுத்திருக்கிறது. அதை ஏப்ரல் 25 அன்று உனக்கு அனுப்பினோம். முப்பது நாளுக்குள் உன் மறுப்பு வராவிட்டால், நீ திருப்தி அடைந்ததாக எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். அதன்பின் அந்தப் பணத்தைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள்.

துணிந்து குழுத் தலைவரிடமே போய், "அது எங்க அக்கா சார். அவ திருப்தியா இல்ல" என்றேன். "எழுத்துல வரணுமேப்பா" என்றார்.

இன்னும் ஐந்து நாள்தான். எனக்கு எழுத வேண்டாம். குழுவுக்கு ஒரு வரி எழுது. என்னைத் திட்டியாவது எழுது, அக்கா.

தம்பி

மே 26

அம்மையீர்,

தங்களிடமிருந்து மறுப்பு ஏதும் வராததால், நிறுவனத்தின் விளக்கத்தில் தாங்கள் திருப்தி அடைந்ததாகக் கொண்டு, தங்கள் மனு மீதான கோப்பு முடிக்கப்பட்டது எனத் தெரிவிக்கப்படுகிறது.

இப்படிக்கு,
எழுத்தர்,
கணக்குக் குழு அலுவலகம்