கூண்டில் சொல்லாத பெயர்

ஐயா,

இன்று காலை நீதிமன்ற வராந்தாவில் யாரோ தைலம் தேய்த்துக்கொண்டு போனார்கள். அந்த வாடைக்கு, நீங்கள்தான் வருகிறீர்கள் என்று எழுந்தே நின்றுவிட்டேன். போன மாதம்தான் உங்கள் உடலுக்கு மாலை போட்டுவிட்டு வந்தேன்.

கடலூர்ப் பக்கம் ஒரு கரும்பு விவசாயி வீட்டில் பிறந்து, முன்சீப் ஆகி, சார்பு நீதிபதியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்தீர்கள். ஊர் ஊராக மாற்றலாகி, மாவட்ட நீதிபதியாகவே ஓய்வு பெற்றீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் உயர் நீதிமன்றம் போனபோது, உங்கள் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்த எனக்குத்தான் வயிறு எரிந்தது. "இன்னாம்மா, எனக்கு இல்லாத கவல உனக்கெதுக்கு?" என்று போனில் சிரித்தீர்கள்.

கல்வராயன் மலையிலிருந்து வந்த அந்த விதவையின் வழக்கு நினைவிருக்கிறதா? புருஷன் போனதும் தினைக் கொல்லையைக் கொழுந்தன் பிடுங்கிக்கொண்டான். "அந்தம்மா எங்கண்ணன் பொண்டாட்டியே இல்லீங்க, வேலைக்கு வந்தவங்க" என்று சாட்சி சொன்னான். மலையில் நடந்த கல்யாணத்துக்குக் காகிதம் ஏது?

அவன் வக்கீல் கெட்டிக்காரர். "புருஷன் பேரச் சொல்லும்மா" என்றார்.

அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார். "கட்டினவரு பேர வாயால சொல்ல மாட்டேன் சாமி."

"புருஷன் பேரே தெரியாத பொண்டாட்டியா?" என்றார் வக்கீல். கோர்ட்டே சிரித்தது. அந்தம்மாவுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அருகில் நின்ற கொழுந்தன்தான் பதறிப்போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "இந்தாங்க அண்ணி, குடிங்க."

சிரிப்பு நின்றது. நீங்கள் பேனாவை வைத்துவிட்டு, "இப்ப இன்னான்னு கூப்டீங்க?" என்று கேட்டீர்கள். குரலில் கோபமே இல்லை.

"அண்ணின்னுதாங்க... பழக்கம்."

"எப்பலேர்ந்து பழக்கம்?"

"அண்ணன் கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்துங்க" என்று சொல்லி அழுதுவிட்டான். "அவர் சொன்னத அப்டியே அடிச்சுக்கம்மா" என்றீர்கள் என்னிடம்.

தீர்ப்பு வாசித்ததும் நீங்கள் அறைக்குப் போய்விட்டீர்கள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்றிருந்தேன், அதற்குள் உங்களுக்கு மாற்றல் வந்துவிட்டது; போனில் சொல்ல மனம் வரவில்லை. அந்தம்மா என் மேஜைக்கு வந்து, "கொல்லை எனக்குத்தான்னாங்க. அவரு பேரு இதுல எங்க இருக்குது, காட்டுங்கம்மா" என்றார். படிக்கத் தெரியாதவர். காட்டினேன். அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இப்போதும் தீர்ப்பில் ஒரு பெயரை அடித்தால், சரியாக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறேன். யாருடைய விரல் வந்து அதன்மேல் நிற்கப்போகிறதோ, ஐயா.