பூச்சந்தைத் தரையில் விழுந்த கறுப்பு வளையங்கள்

அனுப்புநர்:
பொ. அன்புக்கரசி,
லோடர் வண்டி உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
ரெட்டியார்சத்திரம்.

பெறுநர்:
உயர்திரு நிர்வாக அலுவலர் அவர்கள்,
மாலைமேடு பூச்சந்தை,
திண்டுக்கல்.

பொருள்: புதிய கான்கிரீட் தரையைக் கவனக்குறைவாகப் பாழாக்கியதாகக் கூறி என்னை வேலையிலிருந்து நீக்கிய நோட்டீஸை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆறு வருடமாகச் சந்தையின் பூக்கழிவை ஸ்கிட் ஸ்டீயர் எனப்படும் என் குட்டி லோடரில் நானே அள்ளி வருகிறேன். நேற்றுதான் இந்த நோட்டீஸ் என் கைக்கு வந்தது.

2. இந்த வண்டியின் சக்கரங்கள் கார்ச்சக்கரம் போல இடம் வலமாகத் திரும்பா. ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால்தான் வண்டி திரும்பும். மண்ணில் பாதகமில்லை. கான்கிரீட்டிலோ டயர் தரையில் இழுபட்டுத் தேயும். அதனால் நான் நின்ற இடத்தில் திருப்புவதே இல்லை. முன்னும் பின்னும் போய் அகலமாகத் திருப்புவேன். திருப்பும் இடத்தில் வாடிய செவ்வந்தியைப் பரப்பிக்கொள்வேன். ஈரப்பூவின் மேல் டயர் வழுக்கிக்கொண்டு போய்விடும். "டயருக்கும் பூ வைக்கிறா பாரு" என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். தாங்களும் சிரித்திருக்கிறீர்கள்.

3. கடந்த வெள்ளியன்று தரைத் திறப்பு விழாவில் மேற்பார்வையாளர் திரு. பெருமாள்சாமி, வண்டியின் முன்னால் குப்பை அள்ளும் பக்கெட்டுக்கு மாலை போட்டு, வண்டியை மேடைக்கு முன் ஆடவிடச் சொன்னார். டயர் போய்விடும் என்று மறுத்தேன். "ஏக்கா, செத்த நேரம் சுத்திக் காட்டுங்க, அம்புட்டுத்தான். ஆபீசரே கேக்குறாரு" என்றார். தங்கள் பெயரைச் சொன்னதால் ஏறி உட்கார்ந்தேன். மேளம் நிற்கும்வரை நின்ற இடத்திலேயே பதினோரு சுற்று. பூ போடவும் விடவில்லை, புதுத்தரை அழுக்காகுமாம்.

4. ரப்பர் கருகும் வாடை எனக்கு வந்தது. முன்வரிசையில் இருந்த தாங்கள் எழுந்து நின்று கைபேசியில் படம் பிடித்தீர்கள். அப்படிப் படம் பிடித்த தங்கள் கையெழுத்தே இந்த நோட்டீஸில் இருப்பதைப் பார்த்து அதிர்ந்துபோனேன் ஐயா. இன்னும் நம்ப முடியவில்லை.

5. தரையில் கிடக்கும் கறுப்பு என் டயர்தான். இரண்டு டயரில் உள்நூல் தெரிகிறது. கவனக்குறைவானவள் என்று எழுதிவிட்டால் எனக்கு இனி எந்தச் சந்தையில் வேலை கிடைக்கும்? என் பிழைப்பே இந்த வண்டிதான்.

6. எனவே, வளையங்களைக் கழுவுமுன் அவற்றையும் தங்கள் கைபேசிப் படத்தையும் ஒருமுறை சேர்த்துப் பார்த்து, நோட்டீஸை ரத்து செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி எவர் சொன்னாலும் நின்ற இடத்தில் சுற்ற மாட்டேன் என்று எழுதித் தருகிறேன். சுற்றச் சொல்ல மாட்டோம் என்று அலுவலகமும் எனக்கு எழுதித் தர வேண்டும்.

இடம்: திண்டுக்கல்
நாள்: 18.02.2025

தங்கள் நேர்ப்பார்வைக்குக் காத்திருக்கும்,
பொ. அன்புக்கரசி

இணைப்பு: நோட்டீஸ் நகல், விழா முடிந்தபின் நான் கூட்டி அள்ளிய டயர் துகள், ஒரு பொட்டலம்.