நலம் விசாரித்த சம்பந்தி

அக்கா பெற்ற அருமை மருமகளே,

"மாமா, சம்பந்தி முன்னாடி வாயைத் திறந்தீங்க, கல்யாணமே நின்னுடும்" என்று மிரட்டிவிட்டுப் போனாய். இரண்டாண்டாக நான் விழுங்கிய ஆங்கில மரபுத்தொடர்களை அவிழ்த்துவிட்டால் நம் ஊர் விஸ்துலா நதியே கரை உடைக்கும். எங்கே அடக்குவது?

நம் கிராக்கோவ் ரயிலடியில் இறங்கியதும், இங்கிலாந்திலிருந்து வந்த உன் வருங்கால மாமனார், "எப்படி இருக்கீங்க?" என்றார். ஆங்கிலேயர்கள் பதிலுக்காக அதைக் கேட்பதில்லை என்று படித்திருக்கிறேன். அதற்காக, கேட்ட மனிதருக்குச் சொல்லாமல் இருக்கலாமா? கல்லீரல், முழங்கால், உன் அத்தை போய்ச் சேர்ந்த பிறகு ஒற்றைக் கிண்ணத்தில் ஆறும் பீட்ரூட் சூப் என்று உயர்தர ஆங்கிலத்தில் கொட்டினேன். ரயில் எஞ்சினே விம்மியது.

அவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். கல்யாணம் போயிற்று என்றே நினைத்தேன்.

"நான் எப்படி இருக்கேன்னும் சொல்லலாமா?" என்றார் மெல்ல.

இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மேசையில் இரண்டு கிண்ணம் சூப். மெதுவாக வந்து அவரை அழைத்துப் போ.

இங்கிலாந்தின் வாயையே திறந்துவிட்ட
உன் மாமா